ஹேஹ் முதல் ஸ்லோட்டன் வரை: ஃபிரீஸ்லாந்து ஏரிகளில் ஒரு நாள் பாய்மரப் பயணம் செல்வது எப்படி?

நெதர்லாந்தின் வடக்கே ஃபிரீஸ்லாந்து மாநிலத்தில் ஏரிகளும் கால்வாய்களும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், கடலைத் தொடாமலேயே ஊர் ஊராகப் பாய் விரித்துச் செல்ல முடியும். பதினைந்து மீட்டருக்குக் குறைந்த நீளமும், இயந்திரத்தால் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டாத வேகமும் கொண்ட படகை ஓட்ட அங்கே உரிமம் தேவையில்லை. பாய் ஏற்றவும் இறக்கவும் காற்றுக்கு ஏற்பத் திருப்பவும் ஓரளவு பழகி, டச்சு உள்நாட்டு நீர்வழிகளில் இதுவரை செல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: வழியைத் தேர்ந்தெடுத்தல்

ஹேஹ் என்ற படகுத்துறை ஊரிலிருந்து ஹேஹர்மேர் ஏரியைக் கடந்து, ஏ என்ற குறுகிய ஆற்றின் வழியே வௌட்சென்ட் ஊரைத் தாண்டி, ஸ்லோட்டர்மேர் ஏரியின் மறுகரையிலுள்ள ஸ்லோட்டனை அடைந்து, மாலையில் அதே வழியில் திரும்புவதே நான் பரிந்துரைக்கும் பயணம். இவ்வழி ஏறத்தாழ வடக்கு தெற்காகச் செல்வதால், மேற்குக் காற்று வீசினால் போகும்போதும் வரும்போதும் அது பக்கவாட்டிலேயே கிடைக்கும். அங்கே அதிகம் வீசும் தென்மேற்குக் காற்றில் போகும்போது சற்று எதிர்த்துச் செல்ல வேண்டியிருந்தாலும், களைத்துத் திரும்பும் நேரத்தில் காற்று துணையாகிவிடும். பலரும் முதலில் ஸ்நேக் ஊரையொட்டிய ஸ்நேக்கர்மேர் ஏரிக்கே செல்கிறார்கள். அழகான ஏரிதான், ஆனால் பெரிய சரக்குக் கப்பல்கள் செல்லும் பிரின்செஸ் மார்கிரீட் கால்வாய் அதை ஊடறுத்துச் செல்கிறது. இருபது மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலுக்குச் சிறு படகு, பாயில் சென்றாலும், வழிவிட்டே ஆக வேண்டும் என்பதால் முதல் பயணத்துக்கு அந்த ஏரியை நான் சொல்ல மாட்டேன்.

படி 2: படகும் வரைபடமும்

வாடகைக்கு எளிதில் கிடைப்பது வால்க் வகைப் படகு. ஆறரை மீட்டர் நீளமுள்ள இதை 1939இல் வான் டே ஸ்டாட் வடிவமைத்தார். அறையோ கழிவறையோ இல்லாத திறந்த படகு என்றாலும், அடியில் கீல் என்ற கனமான அடித்தகடு இருப்பதால் காற்றுக்கு எளிதில் கவிழாது. ஒரு நாள் பயணத்துக்கு அறை வைத்த படகைவிட இதுவே மேல். சிறிய வெளிப்புற மோட்டாரையும் சேர்த்தே வாடகைக்குக் கேளுங்கள். கைபேசிச் செயலி எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், ஏ.என்.டபிள்யூ.பி. என்ற டச்சுப் பயணிகள் சங்கம் வெளியிடும் காகித நீர்வரைபடத்தையும் எடுத்துச் செல்லுங்கள்; பாலங்களின் உயரமும் நீரின் ஆழமும் அதில் ஒரே பார்வையில் தெரியும். பாலங்கள் திறக்கும் நேரத்துக்கு மட்டும் செயலியை நம்புங்கள், ஏனெனில் சில பாலங்கள் நண்பகலிலும் மாலையிலும் இடைவேளை விடுகின்றன. அந்த நேரங்கள் மாறக்கூடியவை.

காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 3 என்றால் மிக இனிது. 4 என்றால் பாயைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு புறப்படலாம். 5 என்றால் புதியவர்கள் கரையிலேயே இருப்பது நல்லது. இந்த ஏரிகளின் ஆழம் பெரும்பாலும் இரண்டு மீட்டர் அளவே என்பதால் அலை குறுகிச் செங்குத்தாக எழும்.

படி 3: பாலத்துக்கு முன்பே பாயை இறக்குதல்

இந்தப் பயணத்தில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுவே. எனக்குக் கைவர நெடுநாள் பிடித்ததும் இதுவே. வௌட்சென்ட் ஊரில் ஏ ஆற்றின் குறுக்கே ஒரு தூக்குப் பாலம் இருக்கிறது. ஆற்றுக்குள் நுழைந்த பிறகு பாயை இறக்கிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். பாயை இறக்கப் படகின் முகம் காற்றை நோக்க வேண்டும், குறுகிய ஆற்றில் அப்படித் திரும்ப இடமிருக்காது. ஆகவே ஏரியின் அகன்ற பரப்பிலேயே முதலில் மோட்டாரை இயக்கி, அது சீராக ஓடுகிறதா என்று உறுதி செய்துகொண்டு, பிறகு படகைக் காற்றுக்கு எதிரே திருப்புங்கள். வால்க் படகின் பெரிய பாய் மேலே ஒரு சாய்ந்த கழியில் கட்டப்பட்டிருக்கும். அக்கழியைத் தாங்கும் இரண்டு கயிறுகளையும் ஒரே ஆள், ஒரே சீராக விட வேண்டும். ஒன்றை முந்தி விட்டால் கழி சாய்ந்து சிக்கிக்கொள்ளும். இறக்கிய பாயைச் சுக்கான் பிடிப்பவரின் பார்வையை மறைக்காதபடி உடனே சுற்றிக் கட்டுங்கள்.

பாலத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் அது மூடியிருக்கிறது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் திறக்கப் போகிறது. பச்சை மட்டும் எரியும்போதே செல்லலாம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தால் அப்போது பாலம் இயங்கவில்லை என்று பொருள். காத்திருக்கும்போது ஆற்றின் நடுவில் வட்டமிடாமல், ஓரத்திலுள்ள கட்டுத்தறியில் படகைக் கட்டிவிடுங்கள். காற்று பின்னாலிருந்து வந்தால் பின்கயிற்றையும், முன்னாலிருந்து வந்தால் முன்கயிற்றையும் முதலில் கட்ட வேண்டும். மாற்றிக் கட்டினால் காற்று படகைக் குறுக்காகத் திருப்பிவிடும்.

பிற்சேர்க்கை: பாலக் கட்டணம் பற்றி வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். ஃபிரீஸ்லாந்தின் சில பாலங்களில் பாலக் காவலர் தூண்டில் கழி ஒன்றில் மரக் காலணியைக் கட்டி உங்களை நோக்கி நீட்டுவார். படகை நிறுத்தாமலேயே அதில் காசைப் போட வேண்டும். சில்லறை யூரோ நாணயங்களைப் பையின் அடியில் வைக்காமல், பாலத்துக்கு முன்பே ஒருவர் கையில் கொடுத்து வையுங்கள்.

படி 4: ஸ்லோட்டர்மேரும் ஸ்லோட்டனும்

வௌட்சென்டில் ஆற்றோரம் நிற்கும் காற்றாலைகளைக் கடந்து ஏரிக்கு வந்ததும் பாயை மீண்டும் ஏற்றுங்கள். நாணல் அடர்ந்த ஓரங்களில் ஆழம் குறைவு. சிவப்பு, பச்சை மிதவைகளுக்கு இடையிலேயே செல்லுங்கள். ஏரி முடிந்து கால்வாய் தொடங்குமுன் மூன்றாம் படியை அப்படியே மீண்டும் செய்யுங்கள்.

ஊருக்கு வெளியே கரையோரம் படகைக் கட்டிவிட்டு நடந்தே உள்ளே செல்லலாம். முற்காலத்தில் நகர உரிமை பெற்ற ஃபிரீஸ்லாந்தின் பதினொரு நகரங்களில் ஸ்லோட்டனே மிகச் சிறியது. அகழியும் கோட்டை மேடும் சூழ, நடுவே ஒரு கால்வாய் ஓட, 1755இல் கட்டிய டே காய் என்ற காற்றாலை மேட்டின் மேல் நிற்கிறது. நீர் உறையும் குளிர்காலத்தில் அப்பதினொரு நகரங்களையும் இணைத்து நடத்தப்படும், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பனிச்சறுக்கோட்டம் இவ்வூர் வழியாகவே செல்லும். கடைசியாக அது 1997இல் நடந்தது. மதிய உணவுக்கு இங்கே தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். பாலம் இயங்காத நண்பகல் நேரமும் அதிலேயே கழிந்துவிடும்.

படி 5: திரும்புதல்

வௌட்சென்ட் பாலத்தின் மாலை இடைவேளையைப் பார்த்து, அதற்கு முன்பே அங்கு சேரும்படி ஸ்லோட்டனை விட்டுப் புறப்படுங்கள். காற்று ஓய்ந்துவிட்டால் பிடிவாதம் வேண்டாம், மோட்டாரிலேயே வரலாம். படகை வாடகைக்குத் தந்தவர் இசைந்து, படகின் மேல் விரிக்கும் கூடாரத் துணியும் இருந்தால், மாரக்ரீட்டே அமைப்பு ஏரிக் கரைகளில் அமைத்துள்ள இலவசத் துறைகளில் இரவு தங்கலாம். ஒரே இடத்தில் மூன்று நாள் வரை தங்க அனுமதி உண்டு. அவற்றின் பராமரிப்புக்காக அவ்வமைப்பு விற்கும் சிறு கொடியை விலை கொடுத்து வாங்கிப் படகில் கட்டுவது கட்டாயமில்லை, ஆனால் அத்துறைகளைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் வாங்க வேண்டும் என்பது என் கருத்து.