ஆட்டோமேட்டிக் மஸ்டாங்கை மேனுவல் ஆக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1964 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளிவந்தது ஃபோர்டு மஸ்டாங். 65, 66 மாடல்களில் 289 கன அங்குல வி8 இன்ஜினோடு சி4 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் வந்த கார்கள் ஏராளம். அப்படி ஒன்றை வாங்கியவருக்குக் கொஞ்ச நாளில் ஓர் ஆசை வரும்: இதையே கிளட்ச் மிதித்து, கியர் போட்டு ஓட்டினால் எப்படி இருக்கும்? ஆசையில் தப்பில்லை. ஆனால் உடனே ஒரு கியர்பாக்ஸைத் தேடிப் பிடித்து வாங்கிவந்து கராஜ் மூலையில் வைத்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். கியர்பாக்ஸ் நடுவில் உட்காரும் சாமான். முன்னால் இன்ஜின் இருக்கிறது, பின்னால் அச்சு இருக்கிறது, மேலே உங்கள் இடது கால் இருக்கிறது. அவை மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் எந்த கியர்பாக்ஸ் என்று முடிவு செய்யவேண்டும்.

பின்னச்சிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஆட்டோமேட்டிக் வி8 கார்களில் அச்சு விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றவேண்டும் என்பது) பெரும்பாலும் 2.80 அல்லது 3.00. சி4-இன் முதல் கியர் 2.46, ஃபோர்டின் டாப்லோடர் நாலு கியர் பாக்ஸில் 2.78, அப்படியானால் இழுவை கூடத்தானே செய்யும் என்று கணக்குப் போடுவார்கள். வண்டி கிளம்பும் நேரத்தில் டார்க் கன்வெர்ட்டர் (ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் ஆயில் இணைப்பு) இழுவையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கித் தந்துகொண்டிருந்தது என்பது இந்தக் கணக்கில் வராது. அது போனபின் ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்சை வழுக்கவிட்டுத்தான் காரை நகர்த்த வேண்டியிருக்கும்.

80-களின் மஸ்டாங்கிலிருந்து கழற்றிய டி-5 ஐந்து கியர் பாக்ஸ் என்றால் சிக்கல் மறுமுனையில் வரும். அதன் ஐந்தாவது கியர் 0.68. அதை 2.80-ஆல் பெருக்கினால் 1.90. டயர் 25 அங்குல உயரம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டரில் இன்ஜின் நிமிடத்துக்கு 1,600 சுற்றுதான் சுற்றும். லேசான மேடு வந்தாலே முனகும், நாலாவதுக்கு இறக்கவேண்டும். அப்புறம் எதற்கு ஐந்தாவது கியர்? அச்சை 3.55 ஆக்கினால் அதே வேகத்தில் 2,000 சுற்று வரும், கார் சந்தோஷமாக ஓடும். பட்ஜெட் போடும்போதே அச்சுக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

இன்ஜின் பக்கம் இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. டி-5 விற்பவர், "ஃப்ளைவீல், கிளட்ச் எல்லாம் செட்டாகத் தருகிறேன்" என்பார். வாங்கி வந்து 289-இல் வைத்தால் ஆறு போல்ட்டும் அழகாக உட்காரும். ஸ்டார்ட் செய்தால் கார் முழுக்க உதறும். 289-க்கு வேண்டிய ஃப்ளைவீலில் (இன்ஜினின் பின்னால் சுழலும் கனமான சக்கரம்) உதறலைத் தடுக்கும் சமன் எடை 28 அவுன்ஸ்-அங்குலம். 80-களின் தொடக்கத்தில் ஃபோர்டு அதை 50 ஆக்கிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் எளிதில் தெரியாது. நான் ஒருமுறை இதில் மாட்டி, இன்ஜின் மவுண்ட்தான் போய்விட்டது என்று நினைத்து இரண்டையும் புதிதாக மாற்றி, ஒரு வார இறுதியை வீணாக்கியிருக்கிறேன். ஃப்ளைவீலின் பல் எண்ணிக்கையையும் எண்ணிக்கொள்ளுங்கள்: 157 பல், 164 பல் என இரண்டு வகை உண்டு. பெல் ஹவுசிங்கும் (கிளட்சை மூடி, கியர்பாக்ஸை இன்ஜினோடு இணைக்கும் கூடு), அதற்கும் இன்ஜினுக்கும் நடுவில் வரும் தகடும், ஸ்டார்ட்டரும் அதோடு பொருந்த வேண்டும். 1964 ஆகஸ்டுக்கு முன் செய்த இன்ஜின் என்றால் பெல் ஹவுசிங் ஐந்து போல்ட்டில் மாட்டும், அதற்குப் பிறகு வந்தவற்றில் ஆறு. காருக்கு அடியில் படுத்து எண்ணிப் பார்த்துவிட்டே கடைக்குப் போங்கள்.

கிராங்க்கின் பின்முனையில் பைலட் புஷ் (கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் சிறு வளையம்) அடிக்க மறப்பவர்களும் உண்டு. ஆட்டோமேட்டிக்குக்கு அது தேவைப்படாததால் அங்கே வெறும் துளைதான் இருக்கும். ஃப்ளைவீலை மாட்டிய பிறகு நினைவு வந்தால் திட்டிக்கொண்டே கழற்றவேண்டியதுதான்.

கால் பக்கம் வருவோம். ஆட்டோமேட்டிக் காரின் அகலமான பிரேக் பெடலை வைத்துக்கொண்டு பக்கத்தில் கிளட்ச் பெடலை மட்டும் செருகலாம் என்று நினைக்காதீர்கள். பெடல் தொங்கும் சட்டத்தையே மாற்றவேண்டும். பழைய சட்டம் வாங்கினால் அதன் புஷ்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள், பெரும்பாலும் தேய்ந்துதான் இருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து இந்த வேலையை இரண்டாம் முறை செய்ய யாருக்கும் மனம் வராது.

சி4-இல் பார்க், நியூட்ரல் தவிர வேறு எதிலும் ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு சுவிட்ச் இருக்கும். அதைக் கழற்றியதும் ஸ்டார்ட்டர் வேலை செய்யாது. உடனே இரண்டு ஒயரையும் முறுக்கி இணைத்துவிடுவார்கள். தெரிந்தவர் ஒருவர் அப்படி இணைத்துவிட்டு, கியரில் இருப்பதை மறந்து சாவியைத் திருப்பினார். கார் ஒரு துள்ளு துள்ளி எதிரே இருந்த டூல் அலமாரியில் போய் முட்டியது. கிளட்ச் மிதித்தால்தான் இணையும்படி ஒரு சிறு சுவிட்ச் வைக்க அரை மணி நேரம் போதும். ரிவர்ஸ் லைட்டின் ஒயரும் பழைய சுவிட்ச் வழியாகத்தான் போகிறது, அதற்கும் வழி செய்யுங்கள்.

இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து சி4-க்குப் போன வேக்கம் குழாயை மூடாமல் விட்டால் காற்றை உள்ளே இழுத்து ஐடில் தடுமாறும். பலர் கார்புரேட்டரைக் குறை சொல்லி அதைப் பிரித்துப் போடுவார்கள். டி-5-இல் கெட்டியான கியர் ஆயிலை ஊற்றுவது இன்னொன்று. 85-க்குப் பின் மஸ்டாங் வி8-இல் வந்த 'வேர்ல்ட் கிளாஸ்' டி-5 கேட்பது ஆட்டோமேட்டிக்குக்கு ஊற்றும் அதே மெல்லிய ஆயிலை. கியர் ஆயிலில் கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் அதன் சிங்க்ரோ வளையங்கள் சீக்கிரம் வீணாகும். டாப்லோடருக்கு மட்டும் கியர் ஆயில்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கார் சக்கரத்தில் நிற்கும்போது அளவெடுங்கள். ஜாக்கில் அச்சு தொங்கிக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவு பொய் சொல்லும். ஷாஃப்ட்டின் முன்முனையான யோக், கியர்பாக்ஸுக்குள் முழுக்க முட்டாமல் ஏறக்குறைய ஓர் அங்குலம் வெளியே நிற்கவேண்டும்.

கழற்றிய சி4, அதன் பெடல், கன்வெர்ட்டர் எல்லாவற்றையும் துடைத்து ஒரு மூலையில் வையுங்கள், பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஓட்டுநர் பக்கக் கதவில் ஒரு சிறு தகடு இருக்கும். அதில் டிரான்ஸ்மிஷன் குறியீடு 6 என்றால் சி4, 5 என்றால் நாலு கியர் மேனுவல். காரை வாங்க வருபவர் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான். மாற்றியதை மறைக்காமல் சொல்லி, பழைய கியர்பாக்ஸையும் காட்டினால் பேரம் சுலபமாக முடியும். 5 என்று அடித்த புதுத் தகடும் வெளியே கிடைக்கிறது. அதை மாட்டி விற்றால் அது மோசடி.