முட்டையில்லாத பீச் காப்ளர், தில்லிக் கோடைக்கு

தில்லித் தள்ளுவண்டிக்காரர் ‘ஆடூ, ஆடூ’ என்று கூவினால் ஆட்டைத் தேட வேண்டாம், இந்தியில் பீச் பழத்துக்கு அதுதான் பெயர். மே தொடக்கத்தில் பஞ்சாப் பழம் வரும், பெரும்பாலும் ஷான்-ஏ-பஞ்சாப் வகை. ஜூன், ஜூலையில் இமாச்சலின் ராஜ்கட், உத்தராகண்டின் ராம்கட் பக்கத்து மலைப்பழம் வரும். வெறுமனே கடித்துத் தின்ன இவற்றில் பாதி புளிப்பாகத்தான் இருக்கும். அந்தப் புளிப்புதான் காப்ளருக்கு நல்லது. சூட்டில் வெந்த பீச், சர்க்கரையும் சேர்ந்தால், வெறும் தித்திப்பாகிவிடும். புளிப்பு இருந்தால்தான் ருசி நிற்கும்.

காப்ளர் என்பது அமெரிக்க வீட்டுப் பலகாரம். பழத்தைத் தட்டில் பரப்பி, மேலே மாவை அங்கங்கே கிள்ளிப் போட்டு ஓவனில் சுடுவது. பூரிக்கட்டை வேண்டாம், அச்சு வேண்டாம், முட்டையும் வேண்டாம். இத்தனை சுலபமான பண்டம் ஏன் பலருக்கும் கூழாக வருகிறது என்றால், பழத்தின் தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பீச்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு நெருக்கமாகத் தண்ணீர். அதை ஓவனுக்குள் போகும் முன்பே வெளியே இழுத்துச் சுண்டவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழம் வாங்கும்போது சிவப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. சிவப்பு வெயில் பட்ட பக்கத்தின் நிறம், பழுத்ததற்கு அடையாளம் அல்ல. காம்புப் பக்கம் தோலின் அடிநிறத்தைப் பாருங்கள். பச்சை போய் மஞ்சள் வந்திருக்க வேண்டும், முகர்ந்தால் மணம் வர வேண்டும். மாங்காயில் மாவுச்சத்து இருக்கிறது, அது பழுக்கும்போது சர்க்கரையாக மாறும். பீச்சில் அப்படிச் சேமிப்பு ஏதுமில்லை. பறித்த பிறகு பழம் மெத்தென்று ஆகும், மணக்கும், ஆனால் இனிப்பு அதிகமாகாது. கல்லாக இருக்கும் பழத்தைக் காகிதப் பையில் போட்டு வெளியே வையுங்கள். தில்லி ஜூனில் ஒன்றிரண்டு நாள் போதும். கனியாத பழத்தை நேராக ஃபிரிட்ஜில் வைப்பதுதான் பெரிய தப்பு. நாலைந்து டிகிரிக் குளிரில் பல நாள் கிடந்த பீச் உள்ளே சாறு வற்றி மாவு மாவாகிவிடும், பிறகு எதைச் செய்தாலும் திருந்தாது. கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்கும் பழம் இதற்குச் சரி. கொழகொழவென்று ஆகிவிட்டதை ஜாமுக்கு ஒதுக்குங்கள்.

அளவு ஆறு பேருக்கு, 20 செ.மீ. சதுர, 5 செ.மீ. ஆழத் தட்டுக்கு. பழத்துக்கு: பீச் 1 கிலோ (சிறிய பழமென்றால் 10 முதல் 12, தோலும் கொட்டையும் போக முக்கால் கிலோ தேறும்), சர்க்கரை 80 கிராம், பழம் ரொம்பப் புளித்தால் 110 வரை, எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், கார்ன்ஃப்ளோர் 1 டேபிள்ஸ்பூன், சுக்குப் பொடி அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. மேல்மாவுக்கு: மைதா 150 கிராம், சர்க்கரை 45 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், குளிர்ந்த வெண்ணெய் 70 கிராம், கெட்டித் தயிர் 90 கிராம், பால் 2 டேபிள்ஸ்பூன். உப்புப் போட்ட மஞ்சள் வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறதென்றால் மாவில் உப்பைச் சேர்க்காதீர்கள். பட்டை போடுவது வழக்கம்தான், ஆனால் பட்டை பீச்சின் மணத்தை அமுக்கிவிடும். சுக்கு அப்படிச் செய்யாது.

தோல் உரிக்க, பழத்தின் அடியில் கத்தியால் கூட்டல் குறி கீறி, கொதிக்கும் தண்ணீரில் 40 வினாடி போட்டு, ஐஸ் தண்ணீருக்கு மாற்றுங்கள். கீறிய இடத்திலிருந்து இழுத்தால் தோல் கழன்று வரும். வரவில்லையென்றால் பழம் காய்வெட்டு. கொதிக்கவைத்துக்கொண்டே இருந்தால் சதைதான் வேகும், பீலரால் சீவிவிடுங்கள். ஆரம்ப சீசன் பழங்களில் கொட்டை சதையோடு ஒட்டியிருப்பது சகஜம். இரண்டாகத் திருகிப் பிளக்கப் பார்த்தால் கையில் நசுங்கும். மாம்பழத்துக்குச் செய்வதுபோலக் கொட்டையை ஒட்டிக் கன்னம் கன்னமாகச் சீவியெடுத்து, ஒவ்வொன்றையும் ஒன்றரை செ.மீ. கனத்துக்கு நறுக்குங்கள். மெல்லிசாக நறுக்கினால் கரைந்துபோகும். கொட்டையை உடைத்தால் பாதாம் மாதிரிப் பருப்பு இருக்கும், வாசனையும் பாதாம்தான். அதைச் சமையலில் சேர்க்கக் கூடாது. அதிலுள்ள அமிக்டலின் என்ற பொருள் வயிற்றுக்குள் சயனைடாக மாறும்.

இனி முக்கியமான இடம். துண்டுகளில் சர்க்கரை, உப்பு, எலுமிச்சைச் சாறு போட்டுப் புரட்டி 40 நிமிடம் ஊறவிடுங்கள். எலுமிச்சைச் சாறு பீச் கறுக்காமல் பார்த்துக்கொள்ளும், சர்க்கரை சாற்றை இழுத்து வெளியே கொண்டுவரும். வடிகட்டியில் கொட்டி, அடியில் சேர்ந்த சாறு முழுவதையும் சிறிய எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, மிதமான தீயில் கால் கப் (60 மி.லி.) ஆகும்வரை சுண்டவையுங்கள். பூச்சில்லாத அலுமினியப் பாத்திரம் வேண்டாம். புளிப்புக்கு உலோக வாடை ஏறும். கம்பிப் பதம் வரை போக வேண்டியதில்லை, கரண்டியின் முதுகில் மெல்லிய படலமாக ஒட்டினால் போதும். பழத்தின் மணத்தில் பெரும்பகுதி இந்தச் சாற்றில்தான் இருக்கிறது, அதனால் வடித்துக் கொட்டிவிடாதீர்கள். வடிக்காமலே விட்டுவிட்டு அந்தத் தண்ணீருக்கெல்லாம் கார்ன்ஃப்ளோரால் ஈடுகட்டப் பார்த்தால் மூன்று நான்கு டேபிள்ஸ்பூன் தேவைப்படும், வாயில் பசை போட்டதுபோல இருக்கும்.

சாறு சுண்டும் நேரத்தில் ஓவனை 200 டிகிரியில், மேல் கீழ் இரண்டு ராடும் எரிய, 15 நிமிடம் சூடாக்குங்கள். ஓ.டி.ஜி. (மேடைமேல் வைக்கும் சிறிய மின்சார ஓவன்) பலவும் 1,500 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் போட வேண்டும், ஏசி ஓடும் அதே லைனில் போட்டால் ட்ரிப் ஆகும். டயலில் 200 என்றிருந்தால் உள்ளே 200 இருக்கும் என்று நம்பாதீர்கள். முந்நூறு நானூறு ரூபாயில் கிடைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே தொங்கவிட்டால் உண்மை தெரியும்.

சுண்டிய சாறு, சுக்குப் பொடி, 1 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்த கார்ன்ஃப்ளோர் மூன்றையும் பழத்தில் புரட்டித் தட்டில் பரப்புங்கள். கண்ணாடித் தட்டு என்றால் அது அறைச் சூட்டில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தட்டைச் சூடான ஓவனில் வைத்தால் வெடிக்கும். மாவு இல்லாமல் பழத்தை மட்டும் முதலில் 12 முதல் 15 நிமிடம், ஓரங்களில் குமிழி வரும்வரை சுடுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களின் காப்ளர்தான் மேலே பொன்னிறமாகவும் அடியில் பச்சை மாவாகவும் வருகிறது. குளிர்ந்த ஈரப் பழத்தின் மேல் உட்காரும் மாவுக்குச் சூடு மேலிருந்து மட்டும்தான் கிடைக்கும். பழம் கொதித்துக்கொண்டிருந்தால் அடியும் சேர்ந்து வேகும்.

வெண்ணெய் விஷயத்தில் தில்லி வெயில் எதிரி. மைதாவையும் வெண்ணெயையும் அரை மணி முன்பே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு கலந்து, வெண்ணெயை கேரட் துருவியின் பெரிய கண்ணில் நேராக மாவின் மேல் துருவி, விரல் நுனியால் பிசறுங்கள். உள்ளங்கை படக் கூடாது, சூடு அங்கேதான். புட்டு மாவுப் பக்குவம்: பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், நடுநடுவே பட்டாணி அளவில் வெண்ணெய்த் துணுக்கு தெரிய வேண்டும். அந்தத் துணுக்குகள் ஓவனில் உருகி, அவற்றிலுள்ள தண்ணீர் ஆவியாகி, மாவுக்குள் இடைவெளி உண்டாக்கும், பொரபொரப்பு அதனால்தான். பிசறும்போதே உருகிவிட்டால் மைதா அதைக் குடித்துவிட்டு வெந்தபின் தட்டையாக, கெட்டியாக நிற்கும். பளபளப்பு தெரிந்தால் நிறுத்திப் பாத்திரத்தோடு 10 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள்.

பழம் ஓவனில் கொதிக்கும்போதுதான் தயிரும் பாலும் கலந்து மாவில் ஊற்ற வேண்டும், முன்னால் அல்ல. ஈரம் பட்டவுடனே சோடா வேலையைத் தொடங்கிவிடும். கால் மணி நேரம் காத்திருந்தால் பாதி காற்று போய்விடும். தயிர் கொஞ்சம் புளித்திருப்பது நல்லது. அன்றைக்கே உறைந்த இனிப்புத் தயிரானால் சோடாவுக்குப் புளிப்பு போதாமல் சோப்பு வாடை தங்கும். அப்போது சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடரை 2 டீஸ்பூனாக்குங்கள். முள்கரண்டியால் பத்துப் பன்னிரண்டு முறை கிளறினால் போதும். அங்கங்கே உலர்ந்த மாவு தெரிந்தாலும் பரவாயில்லை. சப்பாத்தி மாவுபோலப் பிசைந்தால் ரப்பராகும். கரண்டியில் எடுத்துத் தட்டினால் மெதுவாக, கட்டியாக விழ வேண்டும். இட்லி மாவுபோல வழிந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் மைதா சேருங்கள்.

தட்டை வெளியே எடுத்து, மாவை எட்டு ஒன்பது உருண்டையாக, நடுவே விரலளவு இடைவெளி விட்டுப் போடுங்கள். முழுக்க மூடி மெழுகிவிடக் கூடாது, ஆவி போக வழி வேண்டும். மேலே ஒரு டீஸ்பூன் சர்க்கரை தூவி, 190 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். ஓ.டி.ஜி.யில் மேல் ராடு பக்கத்திலிருப்பதால் 15ஆம் நிமிடத்திலேயே சிவந்துவிடலாம். அலுமினியத் தாளைத் தளர்வாக மூடித் தொடருங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நடுவிலுள்ள உருண்டை ஒன்றைக் கரண்டியால் தூக்கி அடியைப் பாருங்கள்: பஞ்சுபோல இருந்தால் ஆயிற்று, பிசுக்கென்று இழுத்தால் இன்னும் ஐந்து நிமிடம். சாறு ஓரத்தில் மட்டுமின்றி நடுவிலும் கெட்டியான குமிழியாகக் கொதிக்க வேண்டும். அந்தச் சூடு வராமல் கார்ன்ஃப்ளோர் இறுகாது, வெள்ளைக் கலங்கலாக நிற்கும்.

எடுத்தவுடனே பரிமாறினால் எவ்வளவு கவனமாகச் செய்திருந்தாலும் தண்ணீராகத்தான் தெரியும். 30 நிமிடம் ஆறவிட்டால் சாறு தானாக இறுகும். வெனிலா ஐஸ்கிரீமோ, சர்க்கரை போடாத ஃபிரெஷ் கிரீமோ போதும். மிச்சத்தை ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம்; மைக்ரோவேவில் மாவு தோல்போலாகும், 160 டிகிரி ஓவனில் 12 நிமிடம் சுடவைத்தால் மொறுமொறுப்பு கொஞ்சம் திரும்பும்.

சீசன் இல்லாதபோது டப்பா பீச் ஆகும். பாகை முழுக்க வடித்து, துண்டுகளைத் துணியில் ஒற்றி, சர்க்கரையை 2 டேபிள்ஸ்பூனாகக் குறைத்து, எலுமிச்சையை இரட்டிப்பாக்கி, ஊறவைத்துச் சுண்டவைக்கும் படிகளை விட்டுவிடுங்கள். நெக்டரின் (தோலில் பூனைமயிர் இல்லாத பீச் வகை) கிடைத்தால் தோலே உரிக்க வேண்டியதில்லை.

ஓவன் இல்லாத வீட்டில் குக்கரில் காப்ளர் முயல வேண்டாம். மேல்பாகம் இட்லிபோல வெளுத்து ஈரமாக நிற்கும். அதற்குப் பதிலாக, பழத்தைச் சுண்டிய சாறோடும் கரைத்த கார்ன்ஃப்ளோரோடும் வாணலியில் 8 நிமிடம் கொதிக்கவிடுங்கள். தயிர், சோடா, பேக்கிங் பவுடர் எதுவுமில்லாமல் மைதா, சர்க்கரை, வெண்ணெய் மூன்றை மட்டும் பிசறி, அடிகனமான வாணலியில் சிறு தீயில், ரவை வறுப்பதுபோலக் கை விடாமல் 12 நிமிடம் பொன்னிறமாக வறுத்து ஆறவையுங்கள். பழத்தின் மேல் சாப்பிடும் நேரத்தில்தான் தூவ வேண்டும், பத்து நிமிடம் முன்பே தூவினால் நமுத்துவிடும்.