வைன் கூடலில் நாங்கள் விட்ட பிழைகள்

வைனை ருசி பார்க்கவென்று நாங்கள் கூடிய முதல் கூடல் திருகோணமலை உப்புவெளியில், ஒரு நண்பரின் வீட்டு விறாந்தையில் நடந்தது. ஆடி மாதம். பகல் முழுக்கக் கச்சான் அடித்து (காற்றைச் சொல்கிறேன், கடலையை அல்ல) பின்னேரம்தான் ஓய்ந்திருந்தது. எட்டுப் பேர், மூன்று போத்தல் சிவப்பு வைன், ஒரு சட்டி நண்டுக் கறி. மேசைக்குக் கீழே இரண்டு நுளம்புத்திரி. கிளாஸை மூக்கருகே கொண்டு போனால் நுளம்புத்திரிதான் மணந்தது. வாயில் வைத்தால் சூடாக்கிய இருமல் மருந்து. அதற்கு மேல் நண்டின் உறைப்பு. "இதுக்கா இவ்வளவு காசு?" என்று வீட்டுக்கார அண்ணன் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

அதற்குப் பிறகு பல முறை கூடிவிட்டோம். அன்று கெட்டது வைன் அல்ல, நாங்கள்தான் கெடுத்தோம் என்பது மெல்ல மெல்லப் புரிந்தது.

முதல் பிழை சூடு. சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று எங்கோ கேட்டு, அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். அந்தப் பேச்சு ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீடுகளில் பிறந்தது. அங்கே அறை என்றால் 16 முதல் 18 பாகை. நம் விறாந்தை பின்னேரத்திலும் 30 பாகையில் நிற்கும். அந்தச் சூட்டில் மதுசாரம்தான் முதலில் மூக்கில் ஏறும்; பழ வாசனை பின்னுக்குப் போய்விடும். திறப்பதற்கு அரை மணித்தியாலம் முன்னர் சிவப்பைப் பிரிட்ஜில் வையுங்கள், போதும். வெள்ளை வைனுக்கு 8 முதல் 12 பாகை. அதற்காக ஐஸ் கட்டியைக் கிளாஸுக்குள் போட வேண்டாம். போத்தலைத்தான் ஐஸ் வாளிக்குள் வைக்க வேண்டும்.

சூட்டின் பிழை கூடலன்று தொடங்குவதும் இல்லை. கொழும்பில் வாங்கி, பட்டப்பகலில் கார் டிக்கியில் ஆறேழு மணித்தியாலம் கொண்டு வந்த போத்தலில் தக்கை வெளியே தள்ளிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்தது அவித்த பழச்சாறு. இரவுப் பயணத்தில் கொண்டு வாருங்கள், அல்லது மீன்காரர் வைத்திருக்கும் றெஜிபோம் பெட்டி ஒன்று வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பிரிட்ஜின் தலையிலோ கண்ணாடி அலுமாரியிலோ அழகுக்கு நிறுத்த வேண்டாம். "பழசானால் ருசி கூடும்" என்று வருடக்கணக்காகப் பூட்டி வைப்பதும் வீண். கடையில் கிடைக்கும் வைனில் பெரும்பங்கு ஓரிரு வருடத்துக்குள் குடிக்கவென்றே செய்யப்படுவது. நம் வெக்கையில் அந்தக் காலமும் சுருங்கும்.

வாசனைக்கு வருவோம். நுளம்புத்திரி, ஊதுபத்தி, மல்லிகைச் சரம், அத்தர், எல்லாம் நல்லவைதான். வைன் மேசைக்கு மட்டும் ஆகாது. நுளம்புக்கு மின்விசிறி போதும், அந்தக் காற்றில் அதனால் பறக்க முடியாது.

நண்டைப் பற்றி எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு. என் கட்சி இது: துவர்ப்புக் கூடிய சிவப்பும் மிளகாய்த்தூளும் ஒன்றையொன்று மூர்க்கமாக்கும். மதுசாரம் கூடக்கூட உறைப்பும் கூடும். மீனோடு சிவப்பைக் குடித்தால் சில வேளை வாயில் இரும்பு ருசி அடிக்கும். வைனில் இருக்கும் இரும்புச்சத்து மீன் கொழுப்போடு சேர்வதால் வருவது அது. நண்டுக்கும் இறாலுக்கும் மெல்லிய இனிப்புள்ள வெள்ளை, அல்லது நுரைக்கும் வைன். பொரித்த நெத்தலிக்கும் கணவாய்க்கும் தேசிக்காய் பிழிவது போலப் புளிப்பான வெள்ளை.

ஊற்றும் அளவிலும் பிழை விட்டோம். 750 மில்லிலீற்றர் போத்தலை ஐந்து கிளாஸில் முடித்துவிட்டு அடுத்ததைத் திறந்தால் மூன்றாவது போத்தலின் ருசி யாருக்கும் நினைவில் இராது. ஆளுக்கு 50 மில்லிலீற்றர் ஊற்றினால் ஒரு போத்தல் 15 பேருக்குக் காணும். மென்மையானது முதலில், இனிப்பானது கடைசியில். துப்புவதற்கு ஒரு பேணி வைப்பது மரியாதைக் குறைவு அல்ல, அதுதான் முறை.

திகதி குறிக்கும்போது போயாவைப் பாருங்கள். ஒரு முறை சனிக்கிழமை என்று தீர்மானித்து, அன்று பௌர்ணமி என்பதைக் கடை வாசலில் பூட்டைக் கண்டுதான் அறிந்தோம். எங்கள் ஊரில் தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று மூன்று சமூகமும் பக்கத்துப் பக்கத்து ஒழுங்கையில் வாழ்கிறது. கூடலுக்கு வந்து குடிக்காமல் கதைத்துவிட்டுப் போகிறவரும் இருப்பார். அவருக்கு யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் செய்யும் நெல்லி ரசம் இருக்கட்டும். ஏன் குடிக்கவில்லை என்ற கேள்வியும் "ஒரு மிடறுதானே" என்ற வற்புறுத்தலும் வேண்டாம். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். எங்கள் மேசையிலும் அதே எல்லைதான். ஓட்டோவை முதலே சொல்லி வையுங்கள். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம்தான் சாரதிக்கு எல்லை. தன் கணக்கு எவ்வளவு என்று மேசையில் இருந்து யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, டிக்கட் போட வேண்டாம். ஆளுக்கொரு போத்தல் கொண்டு வருவது விருந்து. காசு வாங்கி ஊற்றிக் கொடுப்பது விற்பனை. விற்பனைக்கு மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நத்தாருக்கு வீட்டில் புளிக்க வைக்கும் அன்னாசி வைனை "சிறு உற்பத்தியாளரை வளர்ப்போம்" என்று விற்றுக் கொடுப்பதும் அதே சிக்கலில் கொண்டு போய் விடும்.

சரி, சிறு உற்பத்தியாளரை வளர்ப்பது. இதில்தான் நாங்கள் விட்ட பெரிய பிழை இருக்கிறது. "உள்ளூர் வைன்காரரை ஆதரிப்போம்" என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டோம். அப்புறம் ஆளைத் தேடினோம். இலங்கையில் வைனுக்கென்று பெருந்தோட்டத் திராட்சை இல்லை. யாழ்ப்பாணத்துப் பந்தலில் காய்ப்பது பெரும்பாலும் சாப்பிடும் திராட்சை. வைன் திராட்சை விளையும் நாசிக்கும் நந்தி மலையும் கடல் கடந்து இந்தியாவில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் போத்தல்களை வாங்குகிறோம், நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் உள்ளூர் என்று சொல்ல முடியுமா?

அப்போதுதான் ஒருவர் கேட்டார்: "ஏன், கள்ளு என்ன குறைஞ்சதோ?"

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. காற்றில் உள்ள மதுவமே (ஈஸ்ட்) புளிக்க வைக்கும் சாறு. நூற்றுக்கு நாலு முதல் ஆறு பங்கு மதுசாரம். மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும் ருசி. பிரெஞ்சுக்காரர் செய்தால் அதற்கு ஒரு நீண்ட பெயர் வைத்து வாசித்திருப்போம். நிலாவெளிப் பக்கத்துச் சீவல் தொழிலாளி செய்வதால் அதைக் கள்ளுத் தவறணை வாசலோடு விட்டுவிட்டோம்.

விட்டதைப் பிடிக்கப் போய் அங்கும் பிழை விட்டோம். காலையில் வாங்கிய கள்ளைப் பிளாஸ்ரிக் கானில் மூடி, வெயிலில் வைத்து, பின்னேரம் பரிமாறினோம். புளித்துப் பொங்கி மேசையெல்லாம் நுரை. மறுநாள் முறைப்பாடு சொல்லப் போனபோது கள்ளு இறக்கிய ஐயா சிரித்தார். "தம்பி, விடியக் குடிக்கிறதைப் பொழுதுபடக் குடிச்சுப்போட்டு புளிக்குது எண்டால் நான் என்ன செய்ய?" இப்போது பின்னேரம் இறக்கியதை ஐஸ் பெட்டியில் எடுத்து வந்து, மூடியைத் தளர்த்தி வைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்கிறோம்.

விலை பேசுவதுதான் அடுத்தது. இறக்குமதிப் போத்தலுக்கு வாய் திறக்காமல் காசு கொடுப்பவர் கள்ளுக்கு மட்டும் ஐம்பது ரூபாய் குறைக்கக் கேட்பார். ஒரு நாளில் இரண்டு தரம் மரமேறிப் பாளை சீவும் ஆளிடம் கேட்கிறோம் என்ற நினைப்பே இல்லை. சீனி கரைத்துச் செய்யும் போலிக் கள்ளு சந்தையில் நிற்பது இப்படிப்பட்ட வாங்குநரை நம்பித்தான். கேட்ட விலையைக் கொடுங்கள், சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தவறணையில் வாங்குங்கள், அடுத்த கிழமையும் போங்கள். "உங்களை எல்லாருக்கும் தெரிய வைக்கிறோம்" என்று இலவசமாகக் கேட்பதைப் போல அசிங்கம் வேறு இல்லை. அதோடு 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி மதுவுக்கு விளம்பரம் செய்யவும் கூடாது. தவறணைக் கல்லாவில் வைக்கும் காசுதான் அவருக்குப் போய்ச் சேரும் ஆதரவு.

மிச்சக் கள்ளைக் கொட்டாதீர்கள். வீட்டுக்கார அண்ணனின் மனைவி அதை அப்ப மாவில் ஊற்றி வைத்துவிடுவார். ஞாயிறு காலை அப்பம் சாப்பிட வருகிறவர் தொகை, முதல் நாள் கூடலுக்கு வந்தவர் தொகையைவிட எப்போதும் கூடவே இருக்கும்.