மிளகுக் களத்திலிருந்து ஒரு வினைச்சொல்: 'கார்பிள்' என்பதன் பொருளும் பயன்பாடும்

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கும் நண்பர் ஒருவர், சென்ற அறுவடையின்போது கைப்பேசியில் வந்த கொச்சிச் சந்தை விலைப்பட்டியலை என்னிடம் காட்டினார். "கார்பிள்டு மிளகுக்கு விலை கூட, அன்கார்பிள்டுக்குக் கம்மின்னு போட்டிருக்கு. அகராதியப் பார்த்தா கார்பிள்டுன்னா குளறுபடியானதுங்குது. குளறுபடியான சரக்குக்கா அண்ணே கூடக் குடுப்பாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஜி, ஏ, ஆர், பி, எல், ஈ என்ற ஆறே எழுத்துள்ள இந்த ஆங்கில வினைச்சொல், ஏறக்குறைய எதிரெதிரான இரண்டு பொருள்களைச் சுமந்து நிற்கிறது.

முதற்பொருள் சலித்துத் தூய்மை செய்தல் என்பதே. சல்லடையைக் குறிக்கும் 'கிர்பால்' என்னும் அரபுச் சொல்லோடு உறவுடைய இவ்வினை, நறுமணப் பொருள் வணிகத்தின் வழியே இத்தாலிய மொழிக்கும் பின்னர் ஆங்கிலத்திற்கும் சென்றது. 15-ஆம் நூற்றாண்டிலேயே லண்டனில், விற்பனைக்கு வரும் மிளகு முதலியவற்றைச் சலித்துக் கலப்படம் நீக்கும் பொறுப்பு அந்நகர மளிகை வணிகர் சங்கத்திடம் இருந்தது.

இந்தப் பொருளை மனத்தில் பதிக்க, நண்பரின் களத்தைப் பார்த்தாலே போதும். கொத்திலிருந்து உதிர்த்து, வெயிலில் கறுக்கக் காயவைத்த மிளகை முறத்திலிட்டுப் புடைக்கும்போது உள்ளீடற்ற பொக்கும் தூசியும் முன்விளிம்பைத் தாண்டிப் பறக்க, கனத்த மணிகள் கைப்பக்கம் ஒதுங்குகின்றன. காம்பையும் கல்லையும் விரலால் பொறுக்கிய பிறகு மிச்சத்தைச் சல்லடையில் இடுகிறார்கள். அவ்வளவும் செய்து முடித்த மிளகுதான் 'கார்பிள்டு'. களத்திலிருந்து அப்படியே மூட்டை கட்டியது 'அன்கார்பிள்டு'. 'மலபார் கார்பிள்டு' என்னும் தரத்திற்கு ஒரு லிட்டர் அளவு மிளகு 550 கிராம் எடை நிற்க வேண்டும் என்பது ஏற்றுமதி வழக்கு. பொக்கு கலந்திருந்தால் அந்த எடை நிற்காது.

அப்படியானால் நல்ல பொருள் எப்படிக் கெட்டது? சலிப்பவர் வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளுகிறார். மிளகில் செய்தால் அது நேர்மை. பிறர் எழுதியதில் தனக்கு ஏற்ற வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்து மற்றதை மறைத்தால் அது திரிபு. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இந்தத் திரிபையும் அதே சொல்லால் குறிக்கத் தொடங்கினர்; நாளடைவில் 'வேண்டுமென்றே' என்ற குறிப்பு தேய்ந்து, செய்தி எப்படிச் சிதைந்தாலும் 'கார்பிள்' என்றாயிற்று. நம் 'சலித்தல்' மாவையும் குறிக்கிறது, மனச்சோர்வையும் குறிக்கிறது. ஆகவே இத்தகைய இரட்டைப் பொருள் தமிழருக்குப் புதிதன்று.

பயன்படுத்தும்போது பார்க்க வேண்டியது செயப்படுபொருளை. அது மிளகு போன்ற சரக்கானால் முதற்பொருள். சொல், செய்தி, பெயர், ஒலி, கோப்பு என்றால் இரண்டாம் பொருள். மனிதரைச் செயப்படுபொருளாக்கி எழுதக் கூடாது. ஒருவர் சொன்ன செய்தி 'கார்பிள்டு' ஆகலாமே தவிர, அவரே ஆக முடியாது. அன்றாட வழக்கில் இது பெரும்பாலும் 'தி மெசேஜ் வாஸ் கார்பிள்டு' என்பதுபோல இறந்தகால எச்ச வடிவிலேயே வரும்.

பலர் தவறுவது அடுத்த இடத்தில்தான். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையின் 20 கொண்டையூசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் கைப்பேசி இணைப்பு அறுந்துபோனால் அதை இச்சொல்லால் குறிக்கலாகாது; குரல் மெலிந்து தெளிவாகவே கேட்டாலும் பொருந்தாது. பேச்சு வந்து சேர்ந்தும், சொற்கள் நொறுங்கிக் கலந்து, 'நாளைக்கு வராதே' என்பது 'நாளைக்கு வா' என்று காதில் விழுந்தால் மட்டுமே அது 'கார்பிள்டு'. பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ்க் கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டுமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

தமிழாக்கும்போது எல்லா இடத்திலும் 'குளறுபடி' என்று போட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. வாய் தடுமாறிச் சொன்னதற்குக் 'குளறுதல்', கருவியால் கெட்டதற்குச் 'சிதைதல்', உள்நோக்கத்தோடு வெட்டி ஒட்டியதற்குத் 'திரித்தல்' என்று பிரித்து எழுதுவதே நல்லது. சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைக்கு எழுதும் மிளகுச் சீட்டிலோ 'சலித்துப் புடைத்தது' என்று எழுதினாலே கடைக்காரருக்கு விளங்கும்; நண்பர் இப்போது அப்படித்தான் எழுதியனுப்புகிறார்.