கங்காணி நல்லவராகிவிட்டால் கேம் என்ன ஆகும்?

மலேசியாவில் சுங்கை சிப்பூட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை வைத்து, ட்வைனில் (பக்கங்களை இணைத்துக் கதை கேம் செய்யும் மென்பொருள்) சின்னக் கதை கேம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள் பால்மரம் வெட்டும், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பெண். வில்லன், தொழிலாளர்களை மேற்பார்க்கும் கங்காணி, வேண்டாதவர்களுக்குப் பால் வற்றிய நிரையாக (மர வரிசையாக) பார்த்துக் கொடுப்பவர். அவரைத் தோட்ட மேலாளரான துரையிடம் போட்டுக்கொடுப்பதா, வாயை மூடிக்கொண்டிருப்பதா என்பதுதான் பெரிய முடிவு. பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். "துரைகிட்ட அந்தாளும்தானடா ஏச்சு வாங்குனான்" என்றார். சரி என்று மாற்றி எழுத உட்கார்ந்தேன், பாதி கேம் உடைந்தது. ஒரு பாத்திரத்தை மாற்றும்போது இப்போது நான் செய்யும் வரிசை இது.

முதலில் நகல் எடுங்கள். பிரவுசரில் ஓடும் ட்வைன் கதையை அந்த பிரவுசருக்குள்தான் வைத்திருக்கும், அதைத் துடைத்தால் கதையும் போச்சு (எனக்குப் போயிருக்கிறது), அதனால் கோப்பாகவும் இறக்கி வையுங்கள்.

அப்புறம், வசனத்தில் கை வைக்காதீர்கள். ஆளுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார், அது விளையாடுபவருக்கு எங்கே தெரியவரும் என்பதை மட்டும் தாளில் எழுதுங்கள். 2013இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கேமில் டெஸ் முதலில் வில்லியாகத்தான் இருந்தாள். பழிவாங்க ஓர் ஆண்டு துரத்துவாள் என்பது நம்பும்படி இல்லையென்று மாற்றினார்கள். என் கங்காணிக்கு இப்போது துரை மேல் பயம், நிரையை அப்படிப் பிரிக்கச் சொன்னதே துரைதான்.

இனிதான் உண்மையான வேலை. மாற்றிய ஆளின் பெயரைத் தேடி, அது வரும் பக்கங்களையெல்லாம் திறந்து, ஒவ்வொரு தேர்வையும் பார்த்து "இதை ஒருவர் ஏன் அழுத்துவார்?" என்று கேளுங்கள். துரையே சொல்லிக்கொடுத்த வேலைக்குத் துரையிடமே புகாரா? என் முடிவுப் பக்கமோ புகார் கொடுத்தவளை இன்னும் வீராங்கனை என்று பாராட்டிக்கொண்டிருந்தது. சங்கத்துக்காரரிடம் போகட்டும் என்று மாற்றினேன். கதை நடப்பது 1951இல், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதோ 1954இல், ஆக ஆண்டையும் தள்ளவேண்டியதாயிற்று!

எண்களையும் பாருங்கள். கங்காணி திட்டினால் கோபம் 1 கூடும், 3 சேர்ந்தால் வேலைநிறுத்த முடிவு திறக்கும் என்று வைத்திருந்தேன். திட்டுகளைக் குறைத்ததில் அந்த முடிவுக்கு யாராலும் போகவே முடியவில்லை. ட்வைன் எச்சரிக்காது, பக்கங்களை இணைத்துக் காட்டும் அம்புக்குறி அப்படியேதான் நிற்கும்.

கடைசியாக, உங்கள் தாளைப் பார்க்காத ஒருவரை விளையாட விட்டு, பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். என் தம்பி பழைய கேமில் புகார் கொடுப்பதா என்று கேட்கும் இடத்தை யோசிக்காமலே தாண்டினான். நேற்று புதியதில் அதே இடத்தில் மௌஸைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "கங்காணிகிட்டயே நேரா பேச முடியாதாண்ணே?" என்றான்.

அப்படி ஒரு பக்கமே என்னிடம் இல்லை.