இவான் பாஹ்ரியானியை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

உக்ரைனிய நாவலாசிரியரும் இதழாளருமான இவான் பாஹ்ரியானியை (1906–1963) முதன்முறை வாசிப்பவர்கள் பெரும்பாலும் அவருடைய நாவல்களில் தொடங்கி, கட்டுரைகளுக்கு வராமலேயே நின்றுவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். சாட்சி சொல்ல வேண்டும் என்ற தேவையே அவரை இதழாளராக்கியது. அதே தேவைதான் நாவல்களையும் எழுத வைத்தது.

ஆகவே, 1946இல் அவர் வெளியிட்ட ‘நான் ஏன் சோவியத் ஒன்றியத்துக்குத் திரும்ப விரும்பவில்லை’ என்ற சிறு பிரசுரத்தை முதலில் படியுங்கள். படிக்கும் முன் அதன் பின்னணியைத் தெரிந்துகொள்வது அவசியம். 1945ஆம் ஆண்டு யால்டா உடன்படிக்கையின்படி, போரின் முடிவில் ஜெர்மனியில் தங்கியிருந்த சோவியத் குடிமக்களை, அவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், நேச நாடுகள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த அகதிகளில் ஒருவராக நின்று, சிறுவனாக இருந்தபோது தன் தாத்தா கொல்லப்பட்டதையும், 1932–33 பஞ்சத்தையும், நாடுகடத்தல்களையும் சொல்லி, தாயகத்தை நேசிப்பவன் அங்கே போக மறுப்பது ஏன் என்று மேற்குலகுக்கு அவர் விளக்குகிறார். ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

அடுத்து, அவருடைய வாழ்க்கையின் முக்கிய ஆண்டுகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஓஹ்திர்காவில் பிறந்தார், 1929இல் ‘ஆவே மரியா’ என்ற கவிதை நூலைத் தணிக்கையாளர்களைத் தாண்டி அச்சேற்றினார், 1932இல் கைதாகிச் சோவியத் ஒன்றியத்தின் தூரக் கிழக்குப் பகுதிக்கு நாடுகடத்தப்பட்டார், அங்கிருந்து தப்பியும் பிடிபட்டார், 1938இல் மறுபடி கைதாகி ஹார்கிவ் சிறையில் அடைக்கப்பட்டு, 1940இல் உடல்நலம் கெட்ட நிலையில் விடுதலையானார், போரின்போது மேற்கே புலம்பெயர்ந்தார். இந்தத் தாள் பக்கத்தில் இருந்தால், நாவல்களில் வாழ்க்கை எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதை நீங்களே கண்டுகொள்ளலாம்.

நாவல்களில் முதலாவதாக ‘புலி வேட்டைக்காரர்கள்’ நூலை எடுங்கள். கைதிகளை ஏற்றிச் செல்லும் ரயிலிலிருந்து குதித்துத் தப்பும் ஹ்ரிஹோரி என்ற இளைஞனை, அதே தூரக் கிழக்கிலுள்ள உசூரி பகுதியின் தைகா என்னும் குளிர்நிலக் காட்டில் குடியேறியிருக்கும் உக்ரைனிய வேட்டைக் குடும்பம் ஒன்று காப்பாற்றுகிறது. சாகசக் கதையின் வேகம் இருப்பதால் தொடக்க வாசகருக்கு இது ஏற்றது. 1950களிலேயே ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. இதன் மகிழ்ச்சியான முடிவை எளிய ஆறுதலாகக் கொள்ள வேண்டாம். உண்மையில் பிடிபட்ட மனிதர், பிடிபடாத ஒருவனைப் படைத்திருக்கிறார் என்ற நினைவோடு படியுங்கள்.

‘கெத்செமனே தோட்டம்’ (1950) கடினமான நூல். அதற்கு நேரம் ஒதுக்குங்கள். முன்குறிப்பைத் தவறியும் தாண்டிச் செல்லாதீர்கள். சிறை ஊழியர்கள், விசாரணை அதிகாரிகள் அனைவரின் பெயர்களும், ஒரு சிலரைத் தவிரக் கைதிகளின் பெயர்களும் உண்மையானவையே என்று அதில் அவர் அறிவிக்கிறார். ஒரு செய்தியாளர் ஏற்கும் பொறுப்பை நாவலாசிரியர் இங்கே தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். நாயகன் ஆந்திரி சுமாக், தன் உடன்பிறந்தவர்களில் ஒருவர்தான் தன்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும் என்ற ஐயத்தோடு ஹார்கிவ் சிறையில் விசாரணைகளைத் தாங்குகிறான். சித்திரவதைக் காட்சிகளைவிட, மூச்சுவிட இடமில்லாத அறையில் பேராசிரியரும் தொழிலாளியும் பாதிரியாரும் பேசிக்கொள்ளும் பக்கங்களே என் பார்வையில் நாவலின் உச்சம். அவற்றை அவசரமின்றிப் படியுங்கள். விசாரணைகள் திரும்பத் திரும்ப வருவது சோர்வூட்டலாம். வேண்டுமானால் இடைவெளி விட்டுப் படிக்கலாம், ஆனால் பக்கங்களைத் தள்ளாதீர்கள். அந்தச் சலிப்பும் சிறையின் ஒரு முறைதான்.

இதழியல் கட்டுரைகளுக்கு இதன் பிறகு திரும்புங்கள். 1945இல் ஜெர்மனியின் நொய்-உல்ம் நகரில் ‘உக்ரைன்ஸ்கி விஸ்தி’ என்ற செய்தித்தாளை அவர் தொடங்கினார். பின்னர் உக்ரைனியப் புரட்சிகர ஜனநாயகக் கட்சியை நிறுவினார். மாஸ்கோவை எதிர்த்த அதே பேனா, புலம்பெயர்ந்தோரிடையே இருந்த தீவிர தேசியவாதிகளோடும் மல்லுக்கட்டியது. அந்தச் சச்சரவுகளின் விவரம் முழுவதும் புரிய வேண்டியதில்லை. யாரிடம் பேசுகிறார் என்பது தெரிந்தால் போதும்.

அவரைப் பற்றிய பிறர் எழுத்துகளைத் தேடும்போது வெளியான ஆண்டைக் கவனியுங்கள். சோவியத் காலத்தில் அவர் தடைசெய்யப்பட்டவர் என்பதால், அக்காலத்து அதிகாரபூர்வ வெளியீடுகளை நம்பிப் பயனில்லை. 1992இல் அவருக்கு மறைவுக்குப் பின் உக்ரைன் அரசின் உயரிய கலை இலக்கிய விருதான ஷெவ்சென்கோ பரிசு வழங்கப்பட்டது. உக்ரைனுக்குள் வெளிவந்த ஆய்வுகளுக்கு அந்தக் காலகட்டத்திலிருந்தும், அதற்கு முந்தையவற்றுக்குப் புலம்பெயர்ந்தோர் பதிப்புகளிலிருந்தும் தேடத் தொடங்கலாம்.