ஆய்வேட்டோடு தரவையும் காப்பாற்றுங்கள்

நாடெங்குமுள்ள பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட ஆய்வேடுகளை பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையத்தின் சோத்கங்கா இணையதளத்தில் சேர்க்கின்றன. ஆனால் அவற்றுக்கு அடிப்படையான அளவீடுகளும் களஆய்வுப் படிவங்களும் பெரும்பாலும் மாணவரின் மடிக்கணினியோடு வெளியேறிவிடுகின்றன. இதைத் தவிர்க்க, ஒவ்வொரு தரவுக் கோப்புறையிலும் ‘ரீட்மீ’ என்ற எளிய உரைக்கோப்பை முதல் நாளே வைத்து, நெடுவரிசைத் தலைப்புகளின் பொருள், அலகு, விடுபட்ட மதிப்புக்கான குறி, அளந்த கருவி ஆகியவற்றை அதில் எழுதிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து எழுதலாம் என்றால் அளந்தவருக்கே நினைவிருக்காது. கோப்பின் பெயரில் தேதியை 2024-03-15 என ஆண்டு முன்வருமாறு எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

எக்செலை முழுவதுமாக நம்பிவிடக் கூடாது. அது ‘செப்ட்1’ போன்ற மரபணுக் குறியீடுகளைச் செப்டம்பர் 1 என்பதுபோல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் வெளியான மரபணுப் பெயரிடல் நெறிமுறை அக்குறியீடுகளையே மாற்றிவிட்டது. (மென்பொருளைத் திருத்துவதைவிட மரபணுவுக்குப் பெயர் மாற்றுவது எளிதாகப் போயிற்று!) ஆகவே மூலத்தரவின் ஒரு படியைச் சிஎஸ்வி வடிவில் (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக்கோப்பாக), யாரும் திருத்தாதபடி, தனியே வைக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் தரவுக் களஞ்சியம் இல்லையெனில், ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஸெனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் கட்டணமின்றிச் சேர்த்து, அத்தரவை மேற்கோள் காட்டவும் தேடிப்பிடிக்கவும் உதவும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணும் பெறலாம். நேர்காணல் தரவு என்றால் பெயர், கைபேசி எண் ஆகியவற்றை நீக்கிய பிறகே பதிவேற்ற வேண்டும்.